ஏற்றம் இல்லாத ஏரி

ஆறு கடலில் போய்ச் சேரும் இடத்தை ஏரியாக்க முடியுமா, முடியாதா என்று ஆராய்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. அதன் முழுப் பெயர் வாசல் பலகையில் மூன்று வரிக்கு ஓடும். ஊர்க்காரர்கள் 'நல்லதண்ணி ஆபீஸ்' என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். அங்கே அரும்பு மீசையோடு வேலைக்குச் சேர்ந்த பொறியாளருக்கு இப்போது மீசை நரைத்து, சாயம் பூசி, அந்தச் சாயமும் வெளுத்துவிட்டது. ஆராய்ச்சி மட்டும் அப்படியே இருந்தது.

யோசனை என்னவோ எளிமையானதுதான். முகத்துவாரத்தின் குறுக்கே அணை கட்டிக் கடலை வெளியே நிறுத்திவிட வேண்டியது. ஆற்றுத் தண்ணீரை உள்ளே தேக்கிவிட வேண்டியது. உப்பெல்லாம் போய் நல்ல தண்ணீர் ஏரி ஆகிவிடும், நகரத்துக்கே குடிக்கக் கொடுக்கலாம். நடக்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எந்தக் காலத்திலோ மேலிடத்தில் ஒருவர் கேட்டார். கேட்டவர் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்து, போயும் சேர்ந்துவிட்டார். கேள்வி சாகவில்லை. அதற்குச் சோறூட்டி வளர்க்க ஒரு கட்டடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

இந்த அலுவலகத்துக்கு ஒருநாள் காலையில் நங்கூரம் வந்து சேர்ந்தார். முகத்துவாரத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் படகு விடுகிறவர். ஓரிடத்தில் உட்கார்ந்தால் கிளப்ப நாலு ஆள் வேண்டும் என்று மச்சினன் வைத்த பெயர் அது. அணையைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ அவருக்கு ஒரு கருத்தும் இல்லை. அவர் கேட்டு வந்தது மூன்று பலகை. பலகைகூட இல்லை, பலகை அவர் வீட்டு வாசலிலேயே கிடந்தது. அடித்துக் கொடுக்கத் தச்சு வேலை தெரிந்த மச்சினனும் இருந்தான். 'அடிச்சுக்கோ' என்று ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

ஆய்வு முடியும்வரை முகத்துவாரத்தில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது அந்த அலுவலகம் பிறந்ததும் போட்ட முதல் உத்தரவு. அதற்குப் பிறகு வேறு உத்தரவு போட்டதாகத் தகவல் இல்லை. படகுத்துறை வருஷா வருஷம் உளுத்துக்கொண்டே வந்தது. போன மழைக்காலத்தில் நடுவில் மூன்று பலகை போயின. பயணிகளுக்குக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டிருந்த நங்கூரத்தின் மனைவி அந்த ஓட்டை வழியாகக் கீழே விழுந்தாள். முறிந்த கால் எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. இப்போது நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பாள். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நங்கூரத்துக்குத்தான் அந்தச் சாய்வைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அடுத்து எந்த வீட்டுப் பிள்ளை விழப்போகிறதோ என்ற பயமும் அவரை விடவில்லை.

"ஆராய்ச்சி எப்பங்கம்மா முடியும்?" என்று முதல் மேசையில் இருந்த எழுத்தர் அம்மாவிடம் கேட்டார்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். "முடியறதுன்னா?"

"முடியறதுன்னா... முடிஞ்சு போறதுங்க."

அக்கம்பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன. யாரோ எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்கள். எழுத்தர் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மெதுவாப் பேசுங்க. இங்க எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரங்க," என்றார்.

விஷயம் பெரியது என்பதால் அவரைத் தலைவர் அறைக்கு அனுப்பினார்கள். அறை நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மாதிரி ஏரி இருந்தது. சுண்ணாம்பில் வார்த்து நீலச் சாயம் பூசிய தண்ணீர், அதில் மூன்று பொம்மைப் படகு, ஒன்றில் குடை பிடித்த பொம்மைப் பெண். தலைவர் கைக்குட்டையால் பெட்டியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"முடிவு சொல்றது சுலபம்யா. எவன் வேணா சொல்லிடுவான். முடிவு சொல்லாம இத்தனை காலம் ஒரு அலுவலகத்தைக் கொண்டுசெலுத்துறது இருக்கே, அதுக்குத்தான் படிப்பு வேணும். எனக்கு முன்னாடி இருந்த தலைவர் அவசரக்காரர். 'சாத்தியமில்லை'ன்னு எழுதவே ஆரம்பிச்சிட்டார். நான்தான் அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினேன். சாத்தியமில்லைன்னா அலுவலகத்தை மூடிடுவாங்க. சாத்தியம்னா அணையைக் கட்டச் சொல்லிடுவாங்க. ரெண்டு பக்கமும் விழாம இந்த நாட்டுக்கு நாங்க சேவை பண்ணிக்கிட்டிருக்கோம்."

"மூணு பலகைங்கய்யா," என்றார் நங்கூரம்.

தலைவர் அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவருக்கு ஏதோ பொறி தட்டியது. "உள்ளூர் ஆளா நீ? நல்லதாப் போச்சு. நம்ம குழுவுல உள்ளூர் உறுப்பினர் இடம் ஒண்ணு காலியா இருக்கு. இருந்தவர் செத்துப் போயிட்டார். வருகைப் பதிவுல அவருக்கு விடுப்புன்னு போட்டுக்கிட்டே வர்றோம், பாவம், அவருக்கு இருந்த விடுப்பெல்லாம் தீரப்போகுது. நீ உறுப்பினரா வந்துட்டா, பலகை விஷயத்தைக் குழுவுலயே வச்சுப் பேசிடலாம்."

அனுமதி கேட்கப் போனவர் அனுமதி கொடுக்கிற குழுவிலேயே ஒருவராகி வெளியே வந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றுதான் அவரும் நினைத்தார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் மனைவி, "செத்தவர் நாற்காலியா? அவரும் ஏதாவது பலகை கேட்டுத்தான் போயிருப்பார்," என்று மட்டும் சொன்னாள்.

குழுவின் முதல் வேலையாகத் தண்ணீரை அளக்கப் போனார்கள். ஜீப்பில் பொறியாளர், எழுத்தர் அம்மா, டிரைவர், புது உறுப்பினர். முகத்துவாரத்தின் பழக்கம் ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். தினமும் இரண்டு தடவை கடல் ஆற்றுக்குள் ஏறி வரும், அது ஏற்றம். இரண்டு தடவை இறங்கிப் போகும், அது வற்றம். அன்று ஏற்றம். கரைக்குப் போகிற மண்பாதையின் மேல் முழங்கால் தண்ணீர் நின்றது. டிரைவர் வண்டியை நிறுத்தினான். பொறியாளர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "எழுதிக்கோங்கம்மா. பாதை சரியில்லை. அளவீடு நடைபெறவில்லை," என்றார். வண்டி திரும்பியது.

நங்கூரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், பாதையில நிக்கிற தண்ணியைத்தானே அளக்க வந்தோம்?"

"தண்ணியில ஜீப் போகாதே."

"என் படகு இருக்கு சார். நான் கூட்டிட்டுப் போறேன்."

"படகு அலுவலக வாகனமா? இல்லையே. அலுவலக வாகனத்துல போய் எடுத்தாத்தான் அது அளவு. மத்தபடி எடுத்தா அது வேடிக்கை."

மூன்றாம் முறை போனபோது வற்றம். பாதை காய்ந்து கிடந்தது. ஜீப் கரைவரைக்கும் போனது. பொறியாளர் அளவுக்கோலைச் சேற்றில் ஊன்றினார். தண்ணீர் கோலின் அடியில் கறுப்புக் கோட்டில் நின்றது. எப்போது வந்தாலும் அந்தக் கோட்டில்தான் நிற்கும் என்று அவர் பெருமையோடு சொன்னார். உப்பு அளக்கும் கருவி அலுவலக அலமாரியில் பிரிக்காத பெட்டியில் இருந்தது. பிரித்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதால் யாரும் பிரிக்கவில்லை. ஆகவே பொறியாளர் சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். வற்றத்தின்போது மேலே ஓடுவது ஆற்றுத் தண்ணீர், அது எப்படி உப்புக் கரிக்கும்?

"உப்பு இல்லை. எழுதிக்கோங்கம்மா."

திரும்பி வரும்போது நங்கூரம் மெதுவாகக் கேட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஏத்தம்னு ஒண்ணு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

பொறியாளருக்குக் கோபம் வரவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியாம என்னப்பா? என் வீடே இந்தக் கரையோரம்தான் இருக்கு. ஏத்தம் வந்தா கொல்லைப்புறக் கதவைத் திறக்க முடியாது. ஆனா அது என்னோட தனிப்பட்ட அறிவு. சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் தெரிஞ்சுக்குவேன். காலையில அலுவலகத்துக்கு வந்தா எனக்குத் தெரியாது."

"எனக்கும் அப்படித்தாண்ணே," என்றான் டிரைவர், கியரை மாற்றிக்கொண்டே.

இப்படியே இன்னும் பல காலம் ஓடியிருக்கும். துறையில் இருந்த ஓட்டை இன்னும் பெரிதாகியிருக்கும். ஆனால் மேலிடத்துக்குத் திடீரென்று விழிப்பு வந்தது. முடிவைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அலுவலகத்தைக் கலைத்துவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அன்று அந்தக் கட்டடம் இழவு வீடுபோல் ஆனது. டீ வந்தது, யாரும் குடிக்கவில்லை. எழுத்தர் அம்மா மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தலைவர் மாதிரி ஏரியின் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழுவைக் கூட்டினார்.

பொறியாளர் படித்தார். அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து எடுத்த எல்லா அளவுகளிலும் தண்ணீர் மட்டம் ஒன்றே. உப்பு இல்லை. மட்டம் மாறவில்லை என்றால் ஏற்றம் இல்லை என்று பொருள். ஏற்றம் இல்லை என்றால் கடல் உள்ளே வரவில்லை என்று பொருள். கடல் வராமல், உப்பு இல்லாமல், மட்டம் மாறாமல் நிற்கிற தண்ணீருக்கு என்ன பெயர்?

"ஏரி," என்றார் தலைவர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நம்ம ஏரி ஏற்கெனவே இருக்குய்யா! அணையே வேண்டாம். ஆராய்ச்சி பண்ணிப் பண்ணியே ஏரியைக் கொண்டுவந்துட்டோம். இனிமே இது ஆய்வு அலுவலகம் இல்லை, ஏரிப் பராமரிப்பு அலுவலகம். ஒருத்தருக்கும் வேலை போகாது."

எல்லாரும் கை தட்டினார்கள். நங்கூரம் மட்டும் எழுந்து நின்றார்.

"ஐயா, ஏத்தம் தினமும் வருதுங்களே."

"வரட்டும். நாங்க பார்த்திருக்கோமா?"

"ஏத்த நேரத்துல நீங்க வந்ததே இல்லீங்களே."

"அது ஏத்தத்தோட தப்பு. அத்தனை தடவை நாங்க போயிருக்கோம். எங்களைச் சந்திக்கணும்னு அதுக்கு அக்கறை இருந்திருந்தா வந்திருக்கும்."

சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, குனிந்து நங்கூரத்தின் தோளில் கை வைத்தார். குரல் தேன்போல் இருந்தது. "இங்க பாருப்பா. மேலிடத்துல கேக்கிற முதல் கேள்வியே உள்ளூர்க்காரன் என்ன சொல்றான்கிறதுதான். ஏரின்னு ஆயிட்டா ஆய்வு முடிஞ்சுது. ஆய்வு முடிஞ்சா ஆணி அடிக்கலாம். பலகை என்ன பலகை, புதுத் துறையே கட்டித் தர்றேன். ஏத்தம் இருக்குன்னு நீ நின்னா, மறுபடியும் முதல்லேர்ந்து ஆராய்ச்சி. உனக்குத் துறை வேணுமா, ஏத்தம் வேணுமா?"

"ரெண்டும் இருக்குதுங்களேய்யா..."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லு."

அவருக்கு மனைவியின் கால் கண்முன் வந்தது. பள்ளிக்கூடப் பைகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டையைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளைகள் வந்தார்கள். ஏற்றம் அவர் சொல்லியா வருகிறது, அவர் சொல்லாவிட்டால் நிற்கப்போகிறது? "துறை," என்றார்.

வீட்டில் சொன்னபோது மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை. "கடலை வித்துட்டு மூணு பலகை வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள்.

"உனக்காகத்தானே..."

"எனக்காகப் பொய் சொல்லுங்கன்னு நான் கேட்டேனா?"

நங்கூரத்துக்கு வெட்கமாக இருந்தது. அன்று படகில் ஏறியவர்கள் ஒவ்வொருவரும் அவரை ஒரு மாதிரி பார்த்ததாகத் தோன்றியது. ஒரு கிழவர், "என்ன உறுப்பினரே, இது ஏரியாமே? எனக்குத் தாகமா இருக்கு, ஒரு செம்பு மொண்டு குடுங்க," என்று உரக்கச் சொல்லிப் படகையே சிரிக்க வைத்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

புதுத் துறை வந்தது. அதைக் கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். பழைய துறை உயரமான மரக்கால்களில் நின்றது, தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் ஏதாவது ஒரு படியில் கால் வைக்கலாம். ஏரிக்குப் படி எதற்கு? ஏரியில் தண்ணீர் ஒரே மட்டம்தானே? ஆகவே அளவுக்கோலின் கறுப்புக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே, சப்பையாக, நீளமாக, சிமெண்டில் ஒரு மேடை போட்டார்கள். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே அலங்கார மரத்தூண்கள். ஏரிக்கரை அழகாக இருக்க வேண்டும் என்று கரை நெடுகக் கருங்கல் கொட்டினார்கள். அதற்கு மேல் ஏரியின் பாதுகாப்புக்காக இரண்டு கரையிலும் கூர் வைத்த இரும்பு வேலி. துறைக்கு எதிரே மட்டும் ஒரு கதவு. பழைய துறையைப் பிடுங்கி விறகாக்கிவிட்டார்கள்.

மச்சினன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "மாமா, இது துறை இல்லை. மீன் படுக்கிறதுக்குப் போட்ட கட்டில்," என்றான்.

திறப்பு விழா வரைக்கும் ரிப்பன் கட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அது முழுகி, வற்றத்துக்கு வெளியே வந்து, சேறு பூசிக்கொண்டு காய்ந்தது. நங்கூரம் ஓடிப்போய்ச் சொன்னார். எழுத்தர் அம்மா அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டு, "இன்னும் திறக்கலையே. திறக்காத துறை முழுகினதா எப்படிங்க எழுதுறது?" என்றார்.

விழா நாள் வந்தது. வற்ற நேரத்தில்தான் பாதை காயும் என்பதால் விழாவும் வற்ற நேரத்தில்தான். மேடையின் கடைசியில் பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி. தலைவர் கோட்டுப் போட்டிருந்தார். மேலிடத்து விருந்தினர் வந்து ரிப்பனை வெட்ட வேண்டும். அதன்பின் நங்கூரத்தின் படகில் ஏரியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். படகு துறைக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. அதில் நங்கூரமும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வேலிக்கு வெளியே ஊர் திரண்டு நின்றது.

விருந்தினர் வரவில்லை. இதோ வந்துவிடுவார் என்றார்கள். வரவில்லை. இதற்குள் கடல் வந்துவிட்டது.

முதலில் மேடையின் மேல் ஈரம் படர்ந்தது. பிறகு செருப்புகள் நனைந்தன. எழுத்தர் அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் மறுபடி இறக்கிவிட்டார். ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. பார்த்தால் பார்த்ததாகிவிடுமே! தண்ணீர் கணுக்காலுக்கு வந்தபோது தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வரவேற்புரையைத் தொடங்கினார்.

"சிலர் கேட்டார்கள், ஏரி எங்கே என்று. நான் சொல்கிறேன், நம் காலடியில்தான் இருக்கிறது! இந்த ஏரியின் நீர்மட்டம் என்றைக்கும் மாறாது என்பதை நமது அலுவலகம் தலைமுறை தலைமுறையாக..."

முழங்காலுக்கு வந்தது. ஒலிபெருக்கி ஒரு முறை கொர்ரென்று கத்திவிட்டு அடங்கியது. தலைவர் நாற்காலியின் மேல் ஏறி நின்று வாயாலேயே தொடர்ந்தார். அப்போது டிரைவரின் கைப்பேசி அடித்தது. அவன் கேட்டுவிட்டுச் சொன்னான். "ஐயா, விருந்தினர் திரும்பிப் போயிட்டாராம். பாதையில தண்ணியாம்."

"பாதையில தண்ணியா? எந்தத் தண்ணி?" என்றார் தலைவர்.

அவர்களுக்கும் கரைக்கும் இடையே மேடை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தூண்கள் மட்டும் தெரிந்தன. தண்ணீருக்கு இழுப்பு வந்துவிட்டது. ஒரு நாற்காலி மிதந்து போனது. வேலிக்கு வெளியே யாரோ விசில் அடித்தார்கள். பொறியாளர்தான் முதலில் உடைந்தார். "நங்கூரம்! படகைக் கொண்டா! காப்பாத்து!"

நங்கூரம் துடுப்பை இரண்டு இழுப்பு இழுத்துக் கிட்டே வந்து நிறுத்தினார். இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

"எதுலேர்ந்துங்க காப்பாத்தணும்?" என்றார்.

பொறியாளர் விழித்தார்.

"சொல்லுங்க சார். மட்டம் மாறாத ஏரியில நின்னுட்டிருக்கீங்க. எதுலேர்ந்து காப்பாத்தணும்னு வாயால சொன்னீங்கன்னா ஏத்திக்கிறேன்."

"ஏத்தம்ணே! ஏத்தம், ஏத்தம், ஏத்தம்!" என்று டிரைவர் கத்திக்கொண்டே படகில் விழுந்தான்.

"ஏத்தந்தாங்க. எங்க அம்மா வீடும் கடலோரம்தான்," என்று அழுதுகொண்டே எழுத்தர் அம்மா கையை நீட்டினார். நங்கூரத்தின் மனைவி அவரைப் பத்திரமாகப் பிடித்து ஏற்றினாள்.

பொறியாளர் தலைவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கிசுகிசுத்தார். "என்னோட தனிப்பட்ட முறையில... ஏத்தம்."

"அப்போ தனிப்பட்ட முறையிலயே ஏறிக்கோங்க," என்றார் நங்கூரம்.

தலைவர் மட்டும் பாக்கி. நாற்காலியின் மேல் நின்றும் இடுப்புக்கு வந்துவிட்டது. தலைக்கு மேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். இவருக்கு இன்னும் தலைக்கு மேல் போகவில்லை, அதனால் அளவு முக்கியமாக இருந்தது. "இது எதிர்பாராத நீர்வரத்து," என்றார். நெஞ்சுக்கு வந்தது. "பருவம் தவறிய ஈரம்," என்றார். வாய்க்குள் ஒரு மடக்கு போனது. துப்பினார். முகம் கோணியது. உப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

நங்கூரம் துடுப்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். விட்டுவிடலாம் என்று அவருக்கு ஒரு கணம் நிஜமாகவே தோன்றியது. அவர் மனைவிதான் முதுகில் தட்டினாள்.

"ஏத்துங்க. செத்துக்கித்துத் தொலைஞ்சார்னா அதையும் ஆராய ஒரு குழு போடுவாங்க. அதுலயும் உங்களைத்தான் உள்ளூர் உறுப்பினரா உக்காத்தி வைப்பாங்க."

கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். தலைவர் படகின் அடியில் கிடந்து மூச்சு வாங்கினார். மூச்சு வந்ததும் எழுத்தர் அம்மாவைப் பார்த்து, "எழுதிக்கோங்க. ஏரிக்கு நீர்வரத்து திருப்திகரம்," என்றார்.

இனி கரை சேர வேண்டும். எங்கே சேர்வது? துறை தண்ணீருக்கு அடியில், தூண்களுக்கு நடுவே படகு நுழையாது. மற்ற இடமெல்லாம் கருங்கல். மோதினால் படகின் அடி கிழியும். கல்லைத் தாண்டினால் கூர் வைத்த வேலி. அக்கரையிலும் அதே கதை. ஊர்ச் சனம் இனித் தினமும் இப்படித்தான் தவிக்கப்போகிறது என்று நங்கூரம் சொன்னபோது தலைவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. குளிரில் பல் கிட்டியது. கடைசியில், "எப்பப்பா இறங்கும்?" என்றார்.

"எதுங்கய்யா?"

தலைவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் வேலிக் கதவை யாரோ உள்ளே தள்ளித் திறந்தார்கள். மச்சினன் தோளில் பலகையோடு வந்தான், பின்னால் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பலகையோடு. கதவுப்படியிலிருந்து முதல் இரண்டு தூண்களின் தலை வரைக்கும் ஒரு பலகையைப் போட்டு ஆணி அடிக்கத் தொடங்கினான். சத்தம் தண்ணீர் மேல் எதிரொலித்தது. அதைக் கேட்டதும் தலைவருக்குப் பழைய உணர்வு வந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாருப்பா அது? ஏரியில ஆணி அடிக்க அனுமதி வாங்கியாச்சா?"

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பலகையும் விழுந்தது. நங்கூரம் படகை அதன் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். தலைவர்தான் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முதலில் ஏறினார். பலகை நடுவில் நின்று, சொட்டச் சொட்ட, விரலை நீட்டினார். "அனுமதி இல்லாத கட்டுமானம் இது. நாளைக்கே எடுத்துடணும்."

மச்சினன் நல்ல பணிவுள்ளவன். "நாளைக்கு என்னத்துக்குங்கய்யா? இப்பவே எடுத்துடறேன்," என்று சுத்தியலைத் திருப்பி, தலைவர் நின்றுகொண்டிருந்த பலகையின் ஆணியில் கொக்கியை மாட்டினான். பலகை ஆடியது. கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

"ஏய், ஏய்! அனுமதி! அனுமதி குடுத்தாச்சு!"

"எத்தனை பலகைக்குங்கய்யா?"

"எத்தனை வேணா அடிச்சுக்கோ! மூணு! முப்பது! ஏத்தம் மேல ஏறாத அளவுக்கு அடிச்சுக்கோ!"

சொன்ன பிறகுதான் எந்தச் சொல் வாயிலிருந்து விழுந்தது என்று அவருக்கே தெரிந்தது. வேலிக்கு வெளியே ஊர் முழுவதும் அதைக் கேட்டது. தலைவர் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் தாண்டிப் போனார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள்.

மூன்றாவது பலகையும் ஏறியது. நங்கூரத்தின் மனைவி படகிலிருந்து எழுந்து, ஒரு கையால் தூணைப் பிடித்து, கோணல் காலை முதலில் எடுத்து வைத்தாள். நங்கூரம் கைகொடுக்கப் போனார்; வேண்டாம் என்று தலையாட்டினாள். சாய்ந்து சாய்ந்து நடுப்பலகைக்கு வந்து, நின்று, இரண்டு தடவை ஓங்கி மிதித்துப் பார்த்தாள். தாங்கியது. நங்கூரத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது, கூடவே ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. இரண்டையும் அவர் அடக்கவில்லை.

"சும்மா விடமாட்டாங்க. பிடுங்கிப் போடறதுக்கு நாளைக்கு ஆளோட வந்து நிப்பாங்க," என்றார்.

"வரட்டும்," என்றாள் அவள். "ஏத்த நேரமாப் பார்த்து வரட்டும்."